ஏழாவது துணி

கறுப்பு, காய்ந்துவிட்டதாய் நடிக்கும்.
நம்பாதே என்று
எனக்கு நானே எழுதி ஒட்டியிருக்கிறேன்,
நார்த்டேல் வீட்டுக் கராஜ் சுவரில்,
மின்வெட்டு அட்டவணைக்குப் பக்கத்தில்.

முதல் தடவை நம்பினேன்.
சாயம் பூசிய மறுநாளே
இரண்டு ஊசி கோத்து உட்கார்ந்துவிட்டேன்.
மெழுகு தேய்த்த நூல்
துளைக்குள் போகும்போது வெள்ளை,
வெளியே வரும்போது
மழையில் தெருவோடு இழுபட்ட வேட்டி ஓரம்.
இருநூற்றுப் பன்னிரண்டு தையல்.
நூற்று நாற்பதாவதில்தான்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

பழைய டூத்பிரஷ், சோப்பு, வெந்நீர்,
யார் யாரோ சொன்னதெல்லாம் செய்தேன்.
நீர் பட்டதும் தோல் விழித்துக்கொண்டது.
உள்ளே அடங்கிக் கிடந்த சாயமும் எழுந்து வந்து
நூலின் முறுக்குக்குள் குடியேறியது.
அழுக்கென்றால் போயிருக்கும்.
இது அழுக்கில்லை,
இன்னும் வேலை முடியாத நிறம்.

பை கேட்டவர் சிண்டிசுவே,
மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல்.
"கறுப்பு நூலே போட்டுவிடலாம்,
பிழை இருந்தாலும் தெரியாது" என்றேன் போனில்.
சிரித்தார்.
"பிழை தெரியாமல் செய்த வேலைகளைத்தான் ஆன்ட்டி
நாள் முழுக்கப் படிக்கிறேன்.
என் பையிலாவது தையல் தெரியட்டும்."

பிரித்தேன்,
கத்தி முனையால் ஒவ்வொன்றாக.
பிரித்த நூலில் தக்காளிச் செடியைக் கம்போடு கட்டினேன்.
செடி நிறம் பார்க்கவில்லை.

மூன்று நாள் தொங்கவிட்டேன்.
மாரிட்ஸ்பர்க் பனிமூட்டத்துக்கு அது போதாதென்று
நான்காம் நாளும்.
பிறகு மகனின் பழைய பள்ளிச் சட்டையைக் கிழித்துத்
தேய்க்கத் தொடங்கினேன்.
முதல் துண்டு கரி.
இரண்டாவதும் கரி.
மூன்றாவதில் பள்ளிக்கூடச் சின்னம் இருந்தது,
அதுவும் போயிற்று.
நான்கு, ஐந்து, சாம்பல்.
ஆறாவதில் கண்ணாடியில் விட்ட மூச்சளவு.
ஏழாவது
போனபடியே திரும்பி வந்தது.
அப்போதும் நம்பவில்லை,
எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன்.
வெள்ளை.

மேல்பூச்சு, மெல்லிசாய் இரண்டு முறை,
துளைகளின் உதட்டிலும்.
மேசை விரிப்பை மாற்றினேன்.
கையை மூன்று தரம் கழுவினேன்.
நகக்கண் கறுப்பு போகவில்லை, போகாது,
செருப்புத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷம்
எனக்குச் சம்பளம் கொடுத்த கறுப்பு.

போன மாதம் ஒரு கல்யாணத்தில்
பிரியாணிக் கரண்டியோடு நான் வரிசையில் போக,
சம்பந்தி வீட்டம்மா என் நகத்தைப் பார்த்தார்,
தட்டை ஒரு விரற்கடை பின்னுக்கு இழுத்தார்.
கழுவினதுதான் என்று நான் சொல்லவில்லை.
கரண்டி நிறையப் போட்டேன்.
ஏழாவது துணி அன்று கைப்பையில் இருந்திருந்தால்
ஒருவேளை எடுத்துக் காட்டியிருப்பேன்.

ஒட்டாத கறுப்பென்று தெரிந்தும்
கையுறை போட்டுத்தான் தைத்தேன்.
இருபதாவது இழுப்பில் சுண்டுவிரல் பக்கம் கிழிந்தது.
பிளாஸ்டர் சுற்றிக்கொண்டேன்.

வியாழன் ராத்திரி மின்சாரம் போனது.
சார்ஜ் விளக்கைச் சாய்த்து வைத்தேன்.
தோல் இருட்டோடு இருட்டாகிவிட
நூல் மட்டும் தனியே போய்க்கொண்டிருந்தது,
டவுன் ஹில் இறக்கத்தில், மூடுபனியில்,
லாரிக்காரர்கள் கண்ணை எடுக்காமல் பிடித்துப் போகும்
விட்டு விட்டு வருகிற வெள்ளைக் கோடு.
கடைசி முடிச்சைப் போடும்வரை
யாரும் என்னோடு பேசவில்லை.
நானும் யாரையும் தேடவில்லை.

சனிக்கிழமை வந்தார்.
வந்த நேரம் மழை.
பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
வாருக்கடியில் ஒரு தையல் சற்றுச் சாய்ந்திருப்பதை
விரலால் கண்டுபிடித்து
அங்கேயே விரலை வைத்திருந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பணத்தை எண்ணிக் கொடுத்து,
பையை விலாவோடு அணைத்துக்கொண்டு
காருக்கு ஓடினார்.

நான் பையைப் பார்க்கவில்லை.
அவருடைய இளமஞ்சள் சட்டையின்
இடுப்புப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
கதவைத் திறந்து
ஒரு முறை திரும்பிக் கையசைத்தார்.
நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது சட்டை,
மஞ்சளாகவே.